பலாலி இல்லாத வரைபடம்

பேய் என்று யாராவது சொன்னால், எந்த வேர்ஷன் என்று கேட்கிற ஆள் நான். கண்டியில், மஹய்யாவவில் எங்கள் வீட்டு வரிசையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் எலுமிச்சம்பழம் வெட்டுவார்கள், நான் மாத்திரையோடு ஓடுவேன், "படிச்ச திமிரு" என்று அம்மாவிடம் ஏச்சு வாங்குவேன். ஏ.எல். கணிதப் பிரிவு, அதற்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளோமா, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், அப்போது நான் அவ்வளவுதான். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தெரியவில்லை என்றால் இன்னும் மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை என்று அர்த்தம், இப்படிப் பேசிக்கொண்டுதான் கண்டி டவுன் முழுக்கத் திரிந்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பாதியில் நீங்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு மீதியையும் கேளுங்கள்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடிக் கிடந்த வருடங்கள். அங்கிருந்து தெற்கே வருவதென்றால் பாஸ் என்கிற பயண அனுமதி கிடைக்க வேண்டும், கிடைத்தால் ஒன்றில் கப்பல், இல்லாவிட்டால் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். இங்கே கண்டியில், குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு புடவைக் கடையின் மாடியில், நஸீர் நானா கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தினார். நான் அங்கே படிப்பித்தேன். வகுப்பு முடிந்தால் மெஷின்கள் எல்லாம் எனக்குத்தான்.

ஒரு மாணவனின் மாமா டுபாயிலிருந்து கொண்டு வந்த சீடி ஒன்றில் அந்த விளையாட்டு இருந்தது. சுடுவதில்லை, ஓடுவதில்லை, கார் இல்லை. கறுப்புத் திரை, பச்சைக் கோடுகள், அவற்றின் மேல் ஊர்கிற பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விமானம். நீங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கிறீர்கள். எது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரத்தில் வர வேண்டும், எது முதலில் இறங்க வேண்டும் என்று விமானத்தின் பெயரைப் போட்டுத் தட்டெழுதிச் சொல்ல வேண்டும். சொன்னால், கேட்டது, செய்கிறேன் என்று அர்த்தப்பட, 'ரோஜர்' என்று ஒரு வரி திரையின் அடியில் வரும். மற்றப் பையன்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நினைத்துப் பாருங்கள், கண்டியிலிருந்து கொழும்புக்கு ஒரு பஸ் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இடத்தில் இறங்கி, பையைத் திறந்து, ஐ.சி.யை, அதுதான் அடையாள அட்டையை, நீட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. என் திரையிலோ, ஊர்ச் சனத்தையே ஏற்றிய ஒரு புள்ளி யாரையும் கேட்காமல் தரைக்கு மேலே கோடு கிழித்த மாதிரிப் போகும். அதற்கு வழி சொல்வது நான்!

குட்ஷெட்டில் பஸ் பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் பின்னால் நின்று பஸ்ஸைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவாரே, அந்த மாதிரித்தான் நான் புள்ளிகளைக் கூப்பிடுவேன். கை ஆங்கிலத்தில் தட்டும், வாய் தன்பாட்டில் தமிழில் ஓடும். "வாங்க வாங்க, வலது பக்கமா வாங்க, இன்னும் வரட்டும், மெதுவா, மெதுவா, சரி எறங்குங்க."

என் கூட்டாளி குகனுக்கு இது பெரிய பகிடி. குகன் யாழ்ப்பாணத்தான், பேராதனைக் கம்பஸில் இஞ்சினியரிங் படித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தான்.

"பிளேனுக்கும் மரியாதையோடா? உங்கடை ஆக்கள் விளக்குமாத்தையும் வாங்க எண்டுதான் கூப்பிடுவியள் போலை."

"ஒங்க ஊர்ல வாங்கோன்னு இழுத்து முடிக்கிறதுக்குள்ள பிளேன் இந்தியாவுக்குப் போயிரும் மச்சான்."

விளையாட்டோடு வந்த விமான நிலையங்கள் எல்லாம் வெளிநாடு. எனக்கு அது போதவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்தேன், எல்லாம் வெறும் எழுத்தும் எண்ணும்தான். பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலங்கையை அப்படியே வரைந்துவிட்டேன். கட்டுநாயக்கா, இரத்மலானை, வடக்கே பலாலி. கண்டிக்கு விமான நிலையம் இல்லை, அதற்காக விட முடியுமா, சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டேன். பெருமை தாங்காமல் நஸீர் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"டேய் ரவி, மேல ஈக்கிறது என்னடா?"

"பலாலி நானா."

"ஓ. பலாலி. செக்கிங் வந்தா வெளாட்டுன்னு சொல்லுவியா? தமிழ்ப் பொடியன் ரெண்டு, சோனகன் ஒண்டு, மெஷின் ஒண்டு, அதுக்குள்ள பலாலி! நாலாம் மாடிக்குக் கூட்டிட்டுப் போய், இந்தா இங்க இருந்து வெளாடுங்கன்னு சொல்லுவானுங்க. அழிடா மொதல்ல!"

சோனகன் என்றது முஸ்லிமான தன்னைத்தான். நாலாம் மாடி என்றால் கொழும்பில் பொலிஸ் விசாரணை. கொண்டு போனவன் எப்போது வருவான் என்று வீட்டில் கேட்கக் கூடாத இடம். அழித்துவிட்டேன். பலாலியின் பெயர், ஓடுபாதை, வடக்கிலிருந்து விமானங்கள் உள்ளே நுழைகிற வழி, எல்லாம். அந்த விளையாட்டில் ஒரு விமானம் எங்கே தோன்றலாம் என்று ஃபைலில் எழுதியிருந்தால்தான் அங்கே தோன்றும். வடக்கில் இப்போது ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. என்னைப் புளுகன் என்று சொல்வதற்கு முன் இதை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்.

அந்த மழைக்காலத்தில் குகனின் அம்மாவுக்குப் பாஸ் கிடைத்தது. அவர் அங்கே கணக்கு டீச்சர், இவன் ஒற்றைப் பிள்ளை. பாதை மூடிய பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. விமானத்தில் வருகிறார் என்று செய்தி வந்ததும் குகன் மூன்று சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு எதைப் போடுவது என்று என்னிடம் கேட்டான். ஆனால் இரத்மலானைக்கு அவனால் போக முடியாது. யாழ்ப்பாண முகவரி போட்ட ஐ.சி.யோடு கொழும்பில் ஓர் இளம் பொடியன் நின்றால் அடுத்த வீதியிலேயே பிடித்துவிடுவார்கள். "கண்டியிலேயே நில்" என்று அம்மாவே சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளவத்தையில் இருந்த சித்தப்பாதான் கூட்டிவரப் போனார். அவருக்குக் கொடுத்திருந்தது எங்கள் கிளாஸ் டெலிபோன் நம்பர்.

அவர் வர வேண்டிய அன்று பகல் சாப்பாட்டு நேரம் கடந்தது. வெளியே மழை என்றால் அப்படி ஒரு மழை, பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு இருந்தோம். டெலிபோன் அடித்தது, குகன் பாய்ந்து எடுத்தான். சித்தப்பாவின் சத்தம் எனக்கே கேட்டது.

"தம்பி, பிளேன் இன்னும் வரேல்லை. வந்திருக்கவேணும். கேட்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறாங்கள் இல்லை. இஞ்சை சரியான மழை. பொறு, நான் திருப்பி எடுக்கிறன்."

அந்த நாட்களில் வடக்கிலிருந்து வரும் விமானம் பிந்துகிறது என்றால் யாரும் மழையை மட்டும் நினைக்க மாட்டார்கள். நானா போய் வெளி பல்கனியில் நின்றுகொண்டார். குகன் கதிரையில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன், மெஷினைப் போட்டேன், விளையாட்டைத் தொடங்கினேன், "வா மச்சான், நீ ஒண்ணு எறக்கு" என்று அவனை இழுத்துப் பக்கத்தில் இருத்தினேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை.

திரையில் விமானமே வரவில்லை. வழக்கமாகத் தொடங்கின கையோடு இரண்டு மூன்று வந்துவிடும். வெறும் தீவு, பச்சைக் கோட்டில். நான் கேபிளை ஆட்டிப் பார்க்கலாம் என்று குனிந்து நிமிர்ந்தபோது, மேல் விளிம்பில், நான் அழித்து வைத்த அந்தக் கறுப்பில், ஒரு புள்ளி.

எல்லாப் புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். இதற்கு இல்லை. உயரத்தைக் காட்டும் எண் மட்டும். அது தெற்கே, நேராக இரத்மலானையைப் பார்த்து இறங்கி வந்தது. நானும் ஏதோ கோளாறு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், நம்புங்கள், அப்போதும் எனக்கு மூடியைக் கழற்றுகிற யோசனைதான். பிறகு அது கிழக்கே சாய்ந்தது. கடலை விட்டு உள்நாட்டுக்குள், மலைகளுக்குள். உயரம் குறைந்துகொண்டே வந்தது. அந்த விளையாட்டுக்கு மலை தெரியாது, அதன் கணக்கில் இலங்கை ஒரு தட்டையான பலகை. எனக்குத் தெரியும். பன்வில பக்கம் மலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அங்கே தோட்டத்தில் என் அத்தை வீட்டுக்கு ஏறிப் போன காலுக்குத் தெரியும்.

குகன் இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடக்கிலையிருந்து வந்ததோடா?"

"ஆமா."

"நீ அழிச்சனி எல்லோ?"

புள்ளி பன்வில பக்கம் தாண்டி, நான் விளையாட்டுக்குப் போட்ட கண்டிச் சிலுவைக் குறியைத் தொட்டது. அப்போது கேட்டது. வெளியே. மழைக்கு மேலே. ஹெலிகொப்டர் சத்தம் எங்களுக்குப் பழக்கம், அது இல்லை. புரொப்பெல்லர் விமானம், கிட்டத்தில், இரைந்துகொண்டு. யன்னல் கண்ணாடி முழுக்க அதிர்ந்தது. கண்டிக்கு மேலே அந்த உயரத்தில் நான் ஒரு விமானத்தையும் கேட்டதில்லை, இன்றுவரை கேட்டதில்லை.

"அல்லாஹ்! என்னடா இவ்ளோ கீழால போறான்!" பல்கனியிலிருந்து நானா கத்தினார்.

எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயம் என்று சொல்ல மாட்டேன். எப்படிச் சொல்வது, கோயிலில் திரை விலகும்போது சனம் எல்லாம் ஒரேயடியாக மூச்சை இழுக்குமே, அந்த மூச்சு. கூரைக்கு மேலே ஒன்று போகிறது, அதுவே என் விரலுக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளியாக ஊர்கிறது.

"மச்சான்," என்றான் குகன். "அதுக்குள்ளை அம்மா."

பெயர் இல்லாத விமானத்துக்குக் கட்டளை கொடுக்க முடியாது, கொடுத்தால் விளையாட்டு பீப் அடித்துத் திருப்பி அனுப்பும். நான் பெயரின் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தட்டினேன். ஏறு. வலப்பக்கம் திரும்பு. கட்டுநாயக்கா. கை ஆங்கிலத்தில் தட்டியது, வாய் வழக்கம்போல் ஓடியது, ஆனால் அன்றைக்கு அது கத்தலாகவே வந்தது. "ஏறுங்க, ஏறுங்க, மலை இருக்கு! வாங்க வாங்க, வலது பக்கமா வாங்க, கடல் பக்கமா வாங்க!"

பீப் இல்லை. ரோஜரும் இல்லை. திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல் வந்து நின்றது.

வாறன்.

நான் சொல்வது சரிதான், நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். வெளிநாட்டான் செய்த விளையாட்டில், தமிழே இல்லாத மெஷினில், அதுவும் எங்கள் மலைநாட்டுத் தமிழ் கூட இல்லை, நாங்கள் வர்றேன் என்போம், இது யாழ்ப்பாணத்துச் சொல். வாறன்.

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது, வருகிறேன் என்கிறதே! திரும்பினால் குகன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"டேய், எங்கடை வீட்டிலை போறன் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. போகேக்கையும் வாறன் எண்டுதான் சொல்லுறது. நான் இஞ்சை வெளிக்கிடேக்கை அம்மாட்டை அப்பிடித்தான் சொன்னனான்." அவனுக்குக் குரல் உடைந்தது. "அம்மா போறா மச்சான். சொல்லிப்போட்டுப் போறா."

எங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம். கடைக்குப் போகிறவனும் வர்றேன், ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் தாத்தாவும் வர்றேன். போகிறேன் என்ற சொல்லை வாசலில் சொல்லக் கூடாது என்று பழக்கி வைத்த சாதி நாம். இப்போது வருகிறாரா போகிறாரா என்று எந்தக் கணக்கை வைத்துப் பார்ப்பது?

"வர்றேன்னா வர்றேன்தான்டா!" என்று கத்தினேன். "வாய மூடு! வேற அர்த்தம் பாக்காத! வாங்க, நீங்க வாங்க, அவன் கெடக்கான், இன்னும் வரட்டும், இன்னும்..."

புள்ளி திரும்பியது. மெதுவாக, ஒரு பழைய பஸ் வளைவில் திரும்புகிற மாதிரி. எண் ஏறத் தொடங்கியது. வெளியே சத்தம் மேற்கே நகர்ந்து மழைக்குள் கரைந்துபோனது. நான் அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், தொண்டை கட்டிவிட்டது, நானா வந்து எனக்குப் பின்னால் நிற்பதுகூடத் தெரியாது. கட்டுநாயக்கா ஓடுபாதைக் கோட்டை அது தொட்டதும், இறங்கிய விமானங்கள் எல்லாம் மறைவதுபோல மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் டெலிபோன். குகன் எடுக்கவில்லை, நானா எடுத்துக் கேட்டுவிட்டு அவன் காதில் வைத்தார். இரத்மலானையில் இறங்க முடியாமல் விமானத்தைக் கட்டுநாயக்காவில் இறக்கியிருக்கிறார்களாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லையாம், சித்தப்பா வேன் பிடித்துக்கொண்டு அங்கே போகிறாராம். குகன் நானாவைக் கட்டிப்பிடித்து அழுதான், சிரித்தான், தூக்கினான்.

"விடுடா, விடு, சாரன் அவுருது!" என்றார் நானா. அவர் கண்ணிலும் தண்ணீர்.

நான் திரையின் பக்கம் திரும்பினேன். ஒரு புள்ளியும் இல்லை, வெறும் தீவு. அடியில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

வாறன்.

ஒரே பதிலை இரண்டு தரம் போடுகிற கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெஷினை நிறுத்தினேன். அவன் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதைக் காட்ட மனம் வரவில்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அந்த வாரம் முழுக்க விளையாட்டின் எல்லா ஃபைலையும் திறந்து அந்தச் சொல்லைத் தேடினேன். கிடையாது. வடக்கில் ஒரு வரியும் கிடையாது. குகன் பகிடி விட்டான் என்றால், அவன் கை அந்த நேரம் தலையில் இருந்தது. மற்ற மெஷின்கள் நிறுத்தியிருந்தன, ஒன்றோடு ஒன்று தொடுத்ததும் இல்லை.

அடுத்த நாள் குகனின் அம்மா கண்டிக்கு வந்தார். கட்டையான ஆள், கறுப்புக் குடை, வகுப்பறையின் கடைசி வாங்கு வரை கேட்கிற குரல். இவன் விளையாட்டுக் கதையைச் சொல்லத் துடித்தான், நான்தான் தடுத்தேன். சனம் இதற்கும் எலுமிச்சம்பழம் வெட்டும். அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அறை வாசலில் நின்று, "வாங்க ஆன்ட்டி, வாங்க" என்றேன். அவர் செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணீர் குடித்த பிறகுதான் தொடங்கினார்.

"மேகத்துக்குள்ளை ஒரே ஆட்டம் தம்பி. எல்லாரும் கும்பிடீனம். நான் யன்னலாலை பாக்கிறன், கீழை தேயிலை தெரியுது. இலை தெரியிற அளவுக்கு. சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். அப்ப ஒராள் கூப்பிடுறார். வாங்க வாங்க, வலது பக்கமா வாங்க எண்டு. மலைநாட்டுத் தமிழ். அவ்வளவு நேரமும் சிங்களமும் இங்கிலீசும்தான், சாகப்போற நேரத்திலை எண்டாலும் தமிழிலை சொல்லுறாங்களே எண்டு நினைச்சன்." சிரித்தார். "படலையிலை ஆரும் நிண்டு கூப்பிட்டா வாயிலை வருமெல்லோ, அப்பிடி வந்திட்டுது. வாறன் எண்டன். பக்கத்திலை இருந்த மனிசி என்னை ஒரு மாதிரிப் பாக்குது. அவவுக்கு ஒண்டும் கேக்கேல்லையாம்."

குகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படி ஒரு நிமிடம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. நான் கூப்பிட்டது மலைக்கு மேலே ஒருவருக்குக் கேட்டிருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் என் புத்தி விடாதே, எனக்குக் கோளாறைச் சரிபார்க்க வேண்டும்.

"ரெண்டு தடவ சொன்னீங்களா ஆன்ட்டி?"

"எதை?"

"வாறன்னு."

"ஒருக்காத்தான்." கணக்கு டீச்சர், யோசிக்கவே இல்லை. "பிறகு ஏன் சொல்லுறன்? நான்தான் இறங்கிட்டனே."

அந்தக் கிழமை வடக்கிலிருந்து வந்த வேறு விமானம், வராமல் போன விமானம் என்று என்னால் முடிந்த மட்டும் விசாரித்துப் பார்த்தேன். கேள்விப்பட்டவர் யாரும் இல்லை. அந்த இரண்டாவது சொல்லை நான் இதுவரை குகனிடம் சொன்னதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். வருகிறேன் என்றதா, போகிறேன் என்றதா, தெரியாது. யாருக்குக் கேட்டது என் குரல், அதுவும் தெரியாது. இப்போதெல்லாம் வீட்டில் யாராவது "வர்றேன்" என்று படி இறங்கினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. போகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது என்பார்கள், அதை நான் கேட்பதில்லை. "எங்கேருந்து?" என்றுதான் வாயில் வருகிறது. அவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.